டேபிள் ஃபேன் திரும்பிய பக்கம்

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் இன்று தொடங்கிவிட்டது. வேலூரில் நேற்றும் வெயில்தான். இன்றிலிருந்து அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நோட்டை என் பேத்தி வான்மதி வாங்கிக் கொடுத்தாள். "தெனம் எழுது ஆயா, ஞாபக சக்திக்கு நல்லதாம்" என்றாள். எனக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. எதிர்வீட்டு லோகநாயகி மகள் கல்யாணத்தில் என் இலைக்கு மட்டும் வடை வைக்காமல் தாண்டிப் போனார்கள். அது வைகாசி மாதம், புதன்கிழமை, இரண்டாம் பந்தி. மறந்துபோவது நான் இல்லை, மற்றவர்கள். "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று யாராவது கேட்டால் தேதியோடு எடுத்துக் காட்டலாமே என்றுதான் எழுதச் சம்மதித்தேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. எழுத்து கோணலாக இருந்தால் படிக்கிறவர்கள் தலையைச் சாய்த்துக்கொள்ளட்டும்.

வான்மதி என் மகன் வயிற்றுப் பேத்தி. மகனும் மருமகளும் ஓசூரில் இருக்கிறார்கள். இவள் கல்லூரியில் சேர இங்கே வந்தவள், படிப்பு முடிந்தும் போகவில்லை. கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, வேலை மட்டும் என் வீட்டு முன்னறையில் நடக்கிறது. என் மேஜைமேல் இரண்டு லேப்டாப். ஒன்று அவள் வேலை செய்ய. இன்னொன்று பழசு, சோதனை போட. டிவி பக்கத்தில் இருந்த என் நாற்காலி ஜன்னலோரம் போய்விட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

மே 6, செவ்வாய்

காலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பழைய லேப்டாப்பில் ஒரு பந்தயக் கார் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடும், திடீரென்று விக்கும், மறுபடி ஓடும்.

"இன்னா இது, தண்ணி குடுத்தா சரியாயிடுமா?" என்று கேட்டேன்.

"இந்த விக்கலை நிறுத்தறதுதான் ஆயா என் வேலை" என்றாள்.

இத்தனை மாதமாக அவள் என்ன வேலை செய்கிறாள் என்று எனக்குச் சொன்னவர் இல்லை. இன்றுதான் விளக்கினாள், அதுவும் என் கீரையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, பூச்சி அரித்ததையும் சேர்த்து ஆய்ந்தபடி.

"உள்ள ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தர் பிராசசர். இன்னின்ன மாதிரி வரையணும்னு கணக்குப் போட்டு எடுத்துக் குடுப்பாரு. இன்னொருத்தர் கிராபிக்ஸ் சிப். அதை வாங்கி வரைவாரு. அவரு வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் முதல் ஆளு காத்திருப்பாரு."

"சரி."

"ரெண்டு பேரும் எப்பவும் ஒரே வேகத்துல ஓட மாட்டாங்க. வேலை இருந்தா வேகம், இல்லைன்னா மெதுவா. எப்பவும் வேகமாவே ஓடுனா சூடாயிடும், பேட்டரி தீந்துடும். எவ்ளோ வேகம்னு முடிவு பண்ண ஒருத்தர் இருக்காரு."

"மேஸ்திரி."

"ஆங், மேஸ்திரின்னே வச்சுக்க. அவரு பாக்குறாரு, பிராசசர் பாதி நேரம் நிக்கிறாரு. இவருக்கு வேலை இல்லைன்னு வேகத்தைக் குறைச்சுடுறாரு. அதனால அடுத்த தடவை மெதுவா எடுத்துக் குடுக்குறாரு. இப்போ வரையற ஆளு காத்து நிக்கிறாரு. அவரோட மேஸ்திரி அதைப் பாத்துட்டு..."

"இவனையும் குறைச்சுடுறான்."

"அதேதான்! ரெண்டு பேருமே சோம்பேறி இல்ல ஆயா. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக் காத்திருக்காங்க. நடுவுல படம் விக்குது."

எனக்கு உடனே பொன்னுரங்கம் மேஸ்திரி ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் நான் சித்தாள் வேலைக்குப் போனேன். காட்பாடியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். கலவை வரவில்லை, காலிச் சட்டியோடு நின்றேன். "சும்மா நிக்கறதுக்கு நீ எதுக்கு?" என்று எல்லாருக்கும் முன்னால் கத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டான். நான் சும்மா நிற்கவில்லை. கலவைக்கு நின்றேன். சும்மா நிற்கிறவளுக்கும் காத்து நிற்கிறவளுக்கும் வித்தியாசம் தெரியாதவன் மேஸ்திரியா? அவன் செத்த அன்று தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன்.

வான்மதி எழுதுவது அந்த கிராபிக்ஸ் சிப்புக்கான டிரைவர். சிப்புக்கு வேலை சொல்லி வாங்குகிற நிரல் அது. மேஸ்திரியிடம் போய், "அவரு காத்திருக்காரு, வேகத்தைக் குறைக்காதீங்க" என்று சொல்லும்படி அதில் ஒரு திருத்தம் செய்கிறாள். நல்ல காரியம். எனக்கு அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போனது.

கீரையில் பூச்சி இருந்தது. சொல்லவில்லை, சாப்பிட்டுவிட்டேன்.

மே 7, புதன்

யுக்கா என்று ஒருவர் இருக்கிறார். பனி பெய்யும் ஊர். வான்மதி செய்கிற திருத்தத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்லும் இடத்தில் இருப்பவர். ஏப்ரல் பதினெட்டாம் தேதி இவளுக்கு, "எனக்கு இது நம்பும்படியாக இல்லை" என்று எழுதினார். அதுவும் தனியாக எழுதவில்லை. அவர்களுடைய வழக்கம் என்னவென்றால் எல்லா மெயிலையும் உலகமே படிக்கும்படிதான் போடுவார்களாம். என் பேத்தி அன்று தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. யுக்கா கணக்கில் அது இருக்கிறது.

ஆனால் அவர்கள் பதில் எழுதும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. இவள் எழுதிய வரியை அப்படியே வைத்து, அதற்குக் கீழேயே பதில். அடுத்த வரி, அதற்குக் கீழே பதில். எதையும் விட்டுவிட்டு ஓட முடியாது. சண்டை என்றால் இப்படிப் போட வேண்டும். லோகநாயகியிடம் வடையைக் கேட்டால் அவள் மாப்பிள்ளை வேலையைப் பற்றிப் பேசுவாள்.

மே 8, வியாழன்

இந்த மாதக் கடைசியில் யுக்கா கதவைச் சாத்திவிடுவாராம். அதற்குள் சேராத திருத்தங்கள் அடுத்த சுற்றுக்குத்தான். இவளுடைய மேனேஜர் இன்று போனில் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை, என் நாற்காலி அங்கேதான் இருக்கிறது.

"இந்த ரவுண்டுல போகலைன்னா பழைய மெஷின் வேலையை நிறுத்திடலாம், வான்மதி. நீங்க பெங்களூர் வந்து வேற டீம்ல சேந்துக்கலாம். வீட்டுல இருந்து வேலைங்கறது அங்க கிடையாது."

போன் வைத்த பிறகு கேட்டேன். "அப்போ போயிடுவியா?"

"திருத்தம் உள்ள போச்சுன்னா இங்கயே இருப்பேன். இல்லைன்னா போய்த்தான் ஆகணும் ஆயா."

எனக்கென்ன. போனால் என் மேஜை எனக்குக் கிடைக்கும். டிவி பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம். கரண்ட் பில் பாதியாகும்.

மே 9, வெள்ளி

தலைவலி. எழுதவில்லை.

மே 12, திங்கள்

சோதனை ஆரம்பம். முதலில் திருத்தம் இல்லாமல் பழைய லேப்டாப்பை ஓடவிட்டு விக்கலை எண்ணுவாளாம். அப்புறம் திருத்தத்தோடு ஓடவிட்டு எண்ணுவாளாம். இரண்டுக்கும் நடுவில் அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் மாறக்கூடாது. அதே மேஜை, அதே ஜன்னல், அதே வெயில்.

"ஆயா, இதைத் தொடவே கூடாது. தூசு தட்டறேன்னு துணியை எடுத்துனு வந்துடாத."

"நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"போன வாரம் இதும்மேல தட்டுல வத்தல் காய வச்ச."

"அது சூடா இருந்துது, வெயில் மாதிரியே. வீணாப்போவுதேன்னு வச்சேன்."

இன்று பழைய முறையில் ஓடியது. நன்றாக விக்கியது. தொட்டுப் பார்க்காமலே தெரிந்தது, அனல் அடித்தது. அந்த அறையில் ஏசி கிடையாது.

"சூடு ஏறினா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"ரொம்ப ஏறுச்சுன்னா மேஸ்திரிக்கும் மேல ஒரு காவல் இருக்கு. யாரைக் கேட்டாலும் கேக்காது, வேகத்தை அடிச்சுக் கீழ தள்ளிடும். கருகிடக் கூடாது இல்ல?"

அதாவது சூடு இறங்கினால் வேகம் இருக்கும், விக்கல் குறையும். இதைச் சொன்னது அவள்தான். தேதியோடு எழுதி வைக்கிறேன்.

மே 14, புதன்

இன்று திருத்தத்தோடு ஓடியது. மதியம் சாப்பிட்டுவிட்டு வான்மதி உள்ளறைக்குப் போய்விட்டாள். தினமும் அந்த நேரத்தில் கம்பெனிக்காரர்களோடு கூட்டம், ஏசி போட்டுக்கொண்டு. முன்னறையில் நானும் அந்த லேப்டாப்பும்தான். பாவம், மூச்சு வாங்குகிறது. எனக்காவது ஒரு டேபிள் ஃபேன் இருக்கிறது.

நான் எதையும் தொடவில்லை. டேபிள் ஃபேன் என்னுடையது. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பது என் இஷ்டம்.

கூட்டம் முடிவதற்குள் எல்லாம் பழையபடி இருந்தது. வியர்வையில் என் ரவிக்கை நனைந்துவிட்டது. ஒரு மதியம்தானே.

மே 15, வியாழன்

விக்கல் ஏறக்குறைய இல்லையாம்! குதித்துக்கொண்டு வந்து என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். வலித்தது.

"இவ்ளோ நல்லா வரும்னு நானே நெனைக்கல ஆயா!"

"நீ செஞ்சது, நல்லாத்தான் வரும்."

எல்லாவற்றையும் கோடு கோடாக வரைந்து உலகத்துக்கே அனுப்பிவிட்டாள். கேசரி கிளறினேன். லோகநாயகிக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினேன், முந்திரி இல்லாமல்.

மே 19, திங்கள்

யுக்கா பதில் போட்டிருக்கிறார். வான்மதி படித்துத் தமிழில் சொன்னாள். "முடிவு மிக அழகாக இருக்கிறது. ஆனால் இதே மாதிரி லேப்டாப்பில் இங்கே எனக்கு இதில் கால்வாசி முன்னேற்றம்கூடத் தெரியவில்லை. இரண்டு முறை ஓட்டியதற்கு நடுவில் உங்கள் அறையில் ஏதாவது மாறியதா?"

"இன்னா மாறும்? அதே ரூம், அதே ஜன்னல்" என்று முணுமுணுத்தாள் வான்மதி. முகம் சிவந்துவிட்டது. "நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாரா?"

"அந்தாளு எப்பவுமே அப்படித்தான். ஏப்ரல் பதினெட்டுலயே எனக்குத் தெரியும்" என்றேன்.

நாளை மறுபடியும் ஓட்டிக் காட்டப்போகிறாளாம்.

இரவு சரியாகச் சாப்பிட முடியவில்லை. வெயில்.

மே 20, செவ்வாய்

மதியம் அவள் உள்ளே போனாள். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திருப்பாமல் விட்டால் கணக்கு முன்னே வந்த மாதிரி வராது. அந்தப் பனிக்காரர் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஒரு உதவியை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விடுகிறவள் நான் இல்லை.

மே 21, புதன்

அதே முடிவு வந்தது. வான்மதி நிமிர்ந்து உட்கார்ந்து பதில் எழுதினாள். "மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். என் அறையில் எதுவும் மாறவில்லை. முடிவு அதேதான்."

"இன்னும் ஒரு வரி சேரு" என்றேன். "உங்க மெஷினைத்தான் ஒருக்கா நல்லா பாருங்கன்னு."

"அப்படி எல்லாம் எழுதக் கூடாது ஆயா."

"அவரு எழுதினாரு இல்ல, உலகமே படிக்கிற மாதிரி?"

கொஞ்சம் யோசித்தாள். எழுதிவிட்டாள், மரியாதையாக. அனுப்பியதும் இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

மே 23, வெள்ளி

லோகநாயகி மகன் சத்துவாச்சாரியில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம். போகாவிட்டால் வடைக்காகத்தான் வரவில்லை என்று சொல்வாள் என்பதால் போனேன். வடை வைத்தார்கள். இரண்டு. அதற்காகக் கணக்குத் தீர்ந்துவிடாது.

சாயங்காலம் திரும்பி வந்தால் வான்மதி மேஜைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"சாப்பிட்டியா கண்ணு?"

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது.

"இது மெஷினோட சூடு. தானாவே எழுதி வச்சுக்கும். நான் விக்கலை மட்டும்தான் பாத்தேன், இதைப் பாக்கவே இல்ல. இன்னைக்கு இன்னொரு தடவை ஓட்டிப் பாத்தேன். முடிவு கேவலமா வந்திருக்கு. ஏன்னு தேடுனேன்."

"ஓ."

"பதினாலாம் தேதி, இருபதாம் தேதி. ரெண்டு நாளும் நான் மீட்டிங்குக்கு உள்ள போன உடனே சூடு சரசரன்னு இறங்குது. வெளிய வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஏறுது. இன்னைக்கு இறங்கவே இல்ல. இன்னைக்கு இந்த ரூம்ல இல்லாதது நீ மட்டும்தான்."

"வெயில் கொறஞ்சிருக்கும்."

"கத்திரியிலயா?"

நான் செருப்பைச் சுவரோரம் நேராக வைத்தேன். அது நேராகத்தான் இருந்தது.

"ஃபேனைத் திருப்புனியா ஆயா?"

"நான் மெஷினைத் தொடல."

"ஃபேனைத் திருப்புனியா?"

"எனக்குக் கழுத்துல காத்து பட்டா ஒத்துக்க மாட்டேங்குது. அதனால கொஞ்சம் அப்படிக்கா..."

"ஆயா!"

"ஆமாண்டி, திருப்புனேன்! சூடு ஏறினா வேகத்தை அடிச்சுத் தள்ளிடும்னு நீதானே சொன்ன? பன்னெண்டாம் தேதி, சோதனை ஆரம்பிச்ச அன்னிக்கு. அது தள்ளிச்சுன்னா நீ பெங்களூர் போவணும். அப்புறம் இன்னா பண்ணச் சொல்ற, கையைக் கட்டினு பாத்துனு இருக்கவா?"

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேஜைமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கிட்டே போனேன். பாதி சிரிப்பு, பாதி அழுகை.

"உங்க மெஷினை நல்லா பாருங்கன்னு எழுத வச்சியே ஆயா... அவரு பேரு போட்டு... உலகமே படிக்கிற மாதிரி..."

கிரகப்பிரவேச லட்டு கொண்டுவந்திருந்தேன். சாப்பிடவில்லை. அவளும், நானும்.

மே 24, சனி

இன்று காலையெல்லாம் அந்த மெயிலை எழுதினாள். எழுதுவாள், அழிப்பாள். என் நாற்காலியில் இருந்தே கேட்டேன்.

"இன்னான்னு போட்ற?"

"முடிவு தப்பு, திரும்ப வாங்கிக்கிறேன். வீட்டுல ஒருத்தங்க தெரியாம ஃபேனை மெஷின் பக்கம் திருப்பிட்டாங்கன்னு."

"தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் திருப்புனேன்."

"அது எதுக்கு ஆயா அவங்களுக்கு?"

"ஒருத்தங்கன்னு போட்டா யாரோ நெனைப்பாங்க. நீதான் திருப்பிட்டு ஒருத்தங்க தலையில போட்டன்னு நெனைப்பாங்க. தனபாக்கியம்னு எழுது. என் ஆயான்னு எழுது. வேணும்னேதான் திருப்புனாங்க, மெஷினுக்கு வெக்கையா இருக்கேன்னு திருப்புனாங்கன்னு எழுது."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உன்னைப் பாத்துச் சிரிக்க மாட்டாங்க இல்ல."

எழுதினாள். அனுப்புவதற்கு முன் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். யுக்காவிடம் மன்னிப்புக் கேட்கும் வரியும் இருந்தது. அந்த வரி வரும்போது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் கேட்கலாம். நான் கேட்கவில்லை.

மே 25, ஞாயிறு

ஃபேன் முன்னறையைவிட்டுத் தள்ளப்பட்டது. இப்போது அடுக்களையில் இருக்கிறது. நான் முன்னறையில் இருக்கிறேன்.

மே 26, திங்கள்

அவளுக்கு வேறு ஒன்று தெரிந்திருக்கிறது. ஃபேன் இல்லாமல் ஓட்டியதால்தான் தெரிந்ததாம். திருத்தம் இருந்தால் பிராசசர் வேகமாகவே ஓடுகிறது. ஓடுவதால் சூடு ஏறுகிறது. ஏறினால் மேலே இருக்கிற காவல் அடித்துத் தள்ளுகிறது. அப்போது விக்கல் முன்னைவிட மோசம். அதாவது இவள் மேஸ்திரியிடம் சிபாரிசு செய்து வேலையாளை மயங்கி விழவைத்துவிட்டாள்.

"குளிர்ந்த ரூம்ல நல்லது செய்யுது, இங்க கெடுதல் செய்யுது" என்றாள். "சூடு இருக்குறப்போ டிரைவர் கொஞ்சம் அடக்கிக் கேக்கணும். முழு வேகம் வேணும்னு அடம் பிடிக்காம, விழாத அளவுக்கு."

மதியக் கூட்டத்துக்குப் போகவில்லை. எழுதிக்கொண்டே இருக்கிறாள். மோர் கொண்டுபோய் வைத்தேன், சூடேறி வெந்நீர் ஆனது. மாதக் கடைசிக்கு எத்தனை நாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலண்டர் அவள் நாற்காலிக்கு எதிரில்தான் தொங்குகிறது. கழற்றி என் அறையில் மாட்டிக்கொண்டேன்.

மே 27, செவ்வாய்

யுக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. நம்பும்படியாக இல்லை என்று எழுதத் தெரிந்தவருக்கு இப்போது கை வலிக்கிறது போலிருக்கிறது.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது என்று டிவியில் சொன்னார்கள். வெளியே போய்ப் பார்த்தேன், வெயிலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

வான்மதி புதுத் திருத்தத்தை நேற்று அனுப்பியிருந்தாள். ஃபேன் இல்லாமல், ஜன்னல் ஒரே மாதிரி, அறைச் சூடும் எழுதி. முன்னேற்றம் முதலில் வந்த மாதிரி இல்லை, சின்னதுதான். ஆனால் நிஜம்.

இன்று யுக்கா பதில். வரிக்குக் கீழே வரி.

என் பெயர் வந்த வரிக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறார்: "தனபாக்கியம் அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நாங்கள் சோதிக்கும் அறைகள் எல்லாம் இருபது டிகிரி. உங்கள் முதல் திருத்தத்தை நாங்கள் சேர்த்திருந்தால் வெயில் ஊர்களில் எல்லாம் கெட்டுப்போயிருக்கும், எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது."

அவரை மன்னிக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் வான்மதி அடுத்த வரியை வாசித்துவிட்டாள்.

"இது புதிது என்பதால் இந்தச் சுற்றில் எடுக்க மாட்டேன். நல்ல வெக்கையில் இன்னும் பல நாள் ஓட வேண்டும். உங்கள் அறையிலேயே தொடர்ந்து ஓடவிட்டு அடுத்த சுற்றுக்கு அனுப்புங்கள்."

மன்னிக்கவில்லை.

"இந்தச் சுத்துல இல்லைன்னா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"தெரியும் ஆயா" என்றாள்.

மே 29, வியாழன்

மேனேஜர் நேரில் வரச் சொல்லிவிட்டார். நாளை காலை ரயிலில் போகிறாள். யுக்கா எழுதியதைக் காட்டிப் பேசிப் பார்ப்பாளாம். இந்த வேலை வெக்கையான இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று சொல்வாளாம்.

"கேப்பாரா?"

"தெரியல. வேலூரு சூடா இருக்குங்கறதுக்காக யாரும் இதுவரைக்கும் ஒருத்தரை அங்க இருக்கச் சொன்னதில்ல."

பையில் துணி மடித்து வைத்தாள். இரண்டு நாளைக்கு இவ்வளவு துணி எதற்கு என்று கேட்க நினைத்தேன். எண்ணெய்ப் பாட்டிலை நானே எடுத்துப் பையில் வைத்தேன். அப்புறம் பெரிதாக இருக்கிறது என்று எடுத்துவிட்டுச் சின்னதை வைத்தேன்.

மே 30, வெள்ளி

போய்விட்டாள். பழைய லேப்டாப்பை ஓடவிட்டுப் போயிருக்கிறாள். பந்தயக் கார் யாரும் ஓட்டாமலே ஓடுகிறது. ஜன்னல் அவள் வைத்த அளவுக்கே இருக்கிறது. மதியம் லோகநாயகி வந்தாள்.

"இன்னாக்கா, தெருக் காத்துகூட வரல, இந்த ரூம்ல ஃபேன் போடாம உக்காந்துனு இருக்க?"

"டெஸ்டிங் நடக்குது."

"யாருக்கு, உனக்கா?"

"ஆமா. உலகத்துலயே இங்க மட்டும்தான் நடக்குது. கதவைச் சாத்திட்டு வா, இல்லைன்னா காத்து உள்ள வந்துடும்."

முந்தானையால் விசிறிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த விசிறலும் மெஷின் பக்கம் போகிறது என்று இடம் மாறி உட்காரச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். வடையைப் பற்றி இன்றைக்குக் கேட்க இருந்தேன், மறந்துவிட்டேன். இதுவரை நான் மறந்ததில்லை.

டிவி போடவில்லை. நாற்காலியை டிவி பக்கத்தில் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். சரியாக இல்லை, மறுபடி ஜன்னலோரம் போட்டேன்.

மே 31, சனி

மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் ஒரே இரைச்சல், ரயில்வே ஸ்டேஷன்.

"ஆயா! அடுத்த ரவுண்டு வரைக்கும் அங்கயே இருக்கச் சொல்லிட்டாரு!"

"எது வரைக்கும்?"

"ஆடி கடைசி வரைக்கும். அதுக்குள்ள யுக்கா எடுத்துக்கிட்டா அதுக்கப்புறமும். எடுக்கலைன்னா அப்போ பாக்கலாம்னாரு. மேனேஜரு என்ன கேட்டாரு தெரியுமா? உங்க ஆயா இப்ப எங்க இருக்காங்கன்னு கேட்டாரு. ஆபீஸ்ல எல்லாரும் அந்த மெயிலைப் படிச்சிருக்காங்க!"

"படிச்சா படிக்கட்டும்."

"ராத்திரிக்குள்ள வந்துடுவேன். சந்தோஷமா?"

"எனக்கென்ன. நீ இருந்தா காபிக்குப் பால் பத்தாது, ஒரு பாக்கெட் கூடச் சொல்லணும்."

"சரி, சொல்லி வை" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

பால்காரரிடம் சொல்ல வேண்டிய வேலை இல்லை. நேற்றுக் காலையில், அவள் தெருமுனை திரும்பினவுடனே, ஒரு பாக்கெட் கூடப் போடச் சொல்லிவிட்டேன்.